மலையிலிருந்து வரும் நோயாளிகளுக்குத் தங்குமிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நடைபெறும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணிகள், கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. கண்டறிந்த பிறகு ஒரு மலைக் கிராமத்துக் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பதை, சென்ற ஆண்டு முழுவதும் என் மனைவியின் சிகிச்சைக்கு உடனிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி.

சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை தரும் அந்த அட்டை இல்லாதிருந்தால் தோட்டம் கைமாறியிருக்கும். ஆனால் அட்டைக்குள் அடங்காதவை பல. கொழுந்தை 15 நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் முற்றிப்போகும்; கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையோ 21 நாளுக்கு ஒரு முறை. இந்த இரண்டு கணக்கும் மோதிக்கொண்ட வாரங்களில், எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டு வந்து எங்கள் தோட்டத்தில் பறித்து, இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ரசீதை மட்டும் கதவிடுக்கில் செருகிச் சென்றார்கள். அதில் கிலோ கணக்கு இருந்தது, பறித்தவர் பெயர் இல்லை. யாருக்கு எவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்கு என்னால் ஒருநாளும் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் வந்து, தமக்குத் தெரிந்த யாரோ ஒருவர் இதே நோயில் இறந்த கதையை விரிவாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேநீர் போடும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு பத்தாம் நாள் நள்ளிரவில் மனைவிக்குக் காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டது. அந்த நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், 100.4-ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். எதிர்வீட்டு ஜீப் ஓட்டுநர் சட்டைகூட மாற்றாமல் வண்டியை எடுத்தார். பலாப்பழக் காலம் என்பதால், மலை இறங்கும் வழியில் குஞ்சப்பனை அருகே யானை ஒன்று சாலையை மறித்து நின்றது. விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் காத்திருந்த அந்த அரை மணி நேரமும், பின் இருக்கையில் அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டீசல் காசைக்கூட அந்த ஓட்டுநர் வாங்கிக்கொள்ளவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் கோவையில் கதிரியக்கச் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 25 நாட்கள். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்களே. அதற்காகக் கோத்தகிரியிலிருந்து ஒரு வழிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் பயணம் செய்து இறங்கி, அன்றே ஏற வேண்டும். நடுவில் நாள் தவறினால் சிகிச்சையின் பலன் குறையும் என்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபடுவது எங்களுக்குப் புதிதல்ல. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. ஊர்க்காரர் ஒருவரின் மகள் கோவையில் தன் வீட்டு மாடி அறையை வாடகையின்றித் தந்ததால் என் மனைவி ஒரு நாளும் தவறவில்லை. அதே மருத்துவமனை வராந்தாவில், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தம்பதியர் பாய் விரித்துப் படுத்திருந்ததையும் பார்த்தேன். அவர்களுக்கும் ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது. கோவையில் ஒரு மாடி அறை மட்டும் இல்லை.

பறிப்பதற்கும், வண்டி எடுப்பதற்கும், வீட்டில் துணை இருப்பதற்கும் எங்கள் ஊர் யாரும் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. கோவையில் அறை கிடைப்பது மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. ஆகவே மாவட்ட நிர்வாகமும், கோவையில் குடியேறிய நீலகிரி மக்களின் சங்கங்களும் சேர்ந்து, சிகிச்சைக்கு இறங்கி வருவோரும் உடன் வருவோரும் வாரக்கணக்கில் தங்குவதற்கு மருத்துவமனைகளுக்கு அருகில் ஓர் இல்லத்தை ஏற்படுத்த வேண்டும். கட்டில்களோடு வெந்நீரும் ஒரு சமையல் மேடையும் அவசியம் இருக்கட்டும். வாயெல்லாம் புண்ணானவர்களுக்கு ஓட்டல் சாம்பார் இறங்காது, கஞ்சிதான் வைத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.