புல்வெளி மீட்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கொழும்பில் கால்வாய்க்கரைக் காணியில் நாம் மேற்கொண்டுவரும் புல்வெளி மீட்பைப் பற்றியே இங்கு விரித்துக் கூற விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு அங்கு மண்டியிருந்த கினிப்புல்லை வெட்டி அகற்றியபின், கிரவல் மண் மெலிந்து கிடக்கிறதே என்றெண்ணி, வீடுகளிலிருந்து சேர்த்த கூட்டெருவைப் பரப்பி, விதைகள் ஆடையில் ஒட்டும் குறும்புல்லான ஒட்டுப்புல்லை நட்டோம். அதை முன்மொழிந்தவன் நானே. வைகாசி மழை பிடித்ததும் கினிப்புல் ஆளுயரம் எழுந்தது. அதன் நிழலில் ஒட்டுப்புல் வெளிறி மடிந்தது.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கினிப்புல், மண்ணில் நைதரசன் மிகுந்தால் அதை விரைவாக உறிஞ்சி வளர்ந்து அயற்செடிகளின் வெளிச்சத்தை மறைத்துவிடும். தரையோடு படரும் ஒட்டுப்புல்லோ இறுகிய, வளங்குன்றிய மண்ணையும் மிதிபடுதலையும் தாங்குவது. உரம் அதற்குத் துணையாகாமல் அதன் பகைக்கே துணையாயிற்று. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் நடைபெற்றுவரும் பரிசோதனையிலும், நைதரசன் பசளையிட்ட புற்றரைகளில் தாவர இனங்கள் அருகின. பசளையிடாதவற்றிலேயே அவை பலவாக நிலைத்தன. நம் ஹோட்டன் சமவெளியில் பரவிய யூலெக்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்புதரோ அவரைக் குடும்பத்ததாதலால், வேர்முடிச்சுகளால் தானே மண்ணில் நைதரசனைச் சேர்ப்பது.

ஆகவே இவ்வாண்டு ஒரு பாத்தியில் உரமேறிய மேல்மண்ணைச் சுரண்டி அகற்றி, மற்றொன்றில் மரத்தூள் கலந்தோம். மரத்தூளின் காபனை உண்டு பெருகும் நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனையும் தம்முள் இழுத்துக்கொள்வதால் செடிகளுக்குக் கிடைப்பது குறைகிறது. அப்பாத்தியில் முளைத்த கினிப்புல் மஞ்சள் பாய்ந்து முழங்காலளவில் நின்றுவிட்டது. கார்த்திகையில் களை பிடுங்கிவிட்டு எழுந்த அங்கத்தவர் ஒருவரின் சேலைக்கரை முழுவதும் ஒட்டுப்புல் விதைகள் குத்தியிருக்கக் கண்டபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. மேல்மண் அகற்றிய பாத்தியில் களை குறைவாயினும் வெறுந்திட்டுகள் இன்னும் மூடவில்லை; அகற்றிய மண்ணோடு வேர்களுக்கு உதவும் பூஞ்சணங்களும் போயிருக்கக்கூடும்.

நுண்ணங்கிகள் இறந்து மட்கும்போது நைதரசன் மீண்டும் வெளிப்படுமாதலால், மரத்தூளை அடுத்த ஆண்டும் இடவேண்டும். இரசாயனம் ஏற்றாத மரத்தூளை மரக்காலைகளிலிருந்து பெற்றுத் தருமாறும், கூட்டெருவைத் தத்தம் வீட்டுத் தோட்டங்களுக்கே பயன்படுத்துமாறும் அங்கத்தவர்களை அன்புடன் வேண்டுகிறேன்.

செயலாளர்,
கொழும்பு