சூரியனுக்கு எந்த ஃபீடர்?

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய காணொளியை அம்மாவும் நானும் முழுவதும் பார்த்தோம். சூரியன் அணுக்கரு இணைவால், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதால், எரியவில்லை, விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் மின்னோட்டத்தால்தான் ஒளிர்கிறது என்கிறார்கள். துணை மின்நிலையத்திலேயே காலம் கழித்த எனக்கு இது இனிக்கும் என்று நினைத்திருப்பாய்.

வானத்து மின்சாரத்தை விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்ற பேச்சு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நார்வேயின் கிறிஸ்டியன் பிர்க்லாந்து, வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்து, அதன் துருவங்களைச் சுற்றித் துருவ ஒளி போன்ற வளையம் எழுவதைக் காட்டினார். அவர் 1917இல் இறந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் துருவ ஒளியை உண்டாக்கும் மின்னோட்டங்களைச் செயற்கைக்கோள்கள் அளந்தன என்றாலும், அளந்ததும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மா பற்றிய ஆய்வுக்காக ஹான்னஸ் ஆல்வேனுக்கு 1970இல் நோபல் பரிசே கிடைத்தது. வியாழனுக்கும் அதன் நிலவான அயோவுக்கும் இடையே லட்சக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. அது காந்தக் கோடுகள் வழியே இறங்கி, வியாழனின் மேல் வளிமண்டலத்தைக் கடந்து, அயோவுக்கே திரும்புகிறது. இறங்கும் இடத்தில் ஒளிரும் புள்ளியை ஹபிள் தொலைநோக்கி படமெடுத்திருக்கிறது. மின்சுற்று என்றால் இதுதான்: போகும் வழியும் தெரிகிறது, வரும் வழியும் தெரிகிறது.

சூரியனுக்கு அந்தச் சுற்று எங்கே? இந்த மின்சாரச் சூரியன் கருத்தை முன்வைத்த ரால்ஃப் யூர்கன்ஸ் 1970களில் சொன்னபடி ஆயிரம் கோடி வோல்ட் என்றே வைத்துக்கொள். சூரியன் வெளிவிடும் திறன் 38-ஐ அடுத்து 25 சுழியங்கள் போட்ட வாட் அளவு. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நானூறு கோடி கோடி ஆம்பியர் உள்ளே பாய வேண்டும். 2021இல் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்குள்ளேயே நுழைந்த பார்க்கர் விண்கலம் அப்படியொரு மின்னோட்டம் உள்ளே வருவதைக் காணவில்லை. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து வெளிநோக்கி வீசுவதைத்தான் கண்டது. லோடு இவ்வளவு இருக்கிறது, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைனைத்தான் காணோம் என்று எங்கள் லாக் புத்தகத்தில் எழுதியிருந்தால், மேலதிகாரி அன்றே விளக்கம் கேட்டிருப்பார்.

விண்மீன் மண்டலங்கள் சுழல்வதற்கும் மின்சாரமே காரணம் என்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். அங்குள்ள காந்தப்புலம் மெல்லிய வாயுவை அசைக்கலாம். சூரியனைப் போன்ற கனமான விண்மீனைப் பிடித்துச் சுழற்ற அதற்குத் தெம்பு கிடையாது.

ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்நாளில் ரேமண்ட் டேவிஸின் சோதனையில், இணைவில் பிறந்து சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களில், எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கியது; ஆகவே இணைவைச் சந்தேகிக்க இடமிருந்தது. கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 முடிவுகளில், மீதி நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறிவிடுகின்றன என்று காட்டி அந்தச் சந்தேகத்தை முடித்துவைத்தது. இத்தாலியின் போரெக்சினோ என்ற நியூட்ரினோ உணர்கருவி 2014இல் சூரியனின் முதன்மை இணைவிலிருந்தே நேரடியாக வரும் நியூட்ரினோக்களைப் பிடித்தது. அந்த எண்ணிக்கை சூரியனின் வெளிச்சத்தோடு பொருந்துகிறது. இணைவு மேற்பரப்பில் நடக்கிறது என்று சொல்லி இதற்கும் சிலர் சமாளிக்கிறார்கள். எங்கே நடந்தாலும் அந்த இணைவே முழு வெளிச்சத்துக்கும் போதும் என்றால், வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அங்கே என்ன வேலை? காணொளிக்காரர் இதற்கு விடை சொல்லியிருந்தால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா