எர்ணாவூர் முதல் காசிமேடு வரை ஒரு தடம்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பிலுள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் ஏன் நிற்கின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதையெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. துறைமுக வாயிலில் சிறிது தாமதமானால் வரிசையின் வால் எந்தக் குப்பம் வரை நீளும் என்பது எங்களைவிட உங்கள் கண்காணிப்புக் கேமராக்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். எர்ணாவூரிலிருந்து காசிமேடு வரை, இரவானாலும் பகலானாலும், லாரிகள் நிற்காத ஒரு தடத்தை ஆம்புலன்ஸுகளுக்காகக் காலியாக விடுங்கள். இதை மனுவாகவும் கொடுத்திருக்கிறோம், நேரிலும் சொல்லியிருக்கிறோம். சென்ற வாரம் நடந்ததற்குப் பிறகு, ஊரறிய எழுதுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

எர்ணாவூர்ப் பகுதியில் தொண்டர்களாகிய நாங்கள் ஓட்டும் ஊர் ஆம்புலன்ஸ், 108-க்குப் போட்டியல்ல. 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட அந்தச் சேவையைத்தான் ஆபத்து என்றால் நாங்களும் முதலில் அழைக்கிறோம். அந்த வண்டி வேறோர் அழைப்பில் இருக்கும்போதும், டயாலிசிஸுக்குப் போய் வருபவர், அறுவை முடிந்து படுத்தபடியே வீடு திரும்புபவர் போன்றவர்களுக்காகவும், தெருவில் திரட்டிய நன்கொடையில் டீசல் போட்டு ஓடுகிறது எங்களுடையது. ஓட்டுபவர்கள் பகலில் வேறு வேலை பார்க்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகள். அரசு வண்டியானாலும் ஊர் வண்டியானாலும் நிற்பது ஒரே வரிசையில்தான் என்பதால், எங்கள் கோரிக்கை இரண்டுக்கும் சேர்த்தே.

சென்ற வாரம் இரவில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிய முதியவர் ஒருவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் பாட்டிமார் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும் அந்த இடம் எர்ணாவூரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வண்டியில் இருந்தது பி வகை ஆக்சிஜன் சிலிண்டர். முழுதாக நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் விட்டால் இரண்டரை மணி நேரம் வரும். அன்று மாலை வேறொருவரை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிய வண்டி என்பதால் பாதிதான் மிச்சமிருந்தது. 10 கிலோமீட்டருக்கு அது தாராளம் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் முன்னும் பின்னும் இரு பக்கமும் லாரிகள் சூழ்ந்துகொண்டன. முன்னே போகவும் முடியவில்லை, திரும்பி உள்சாலையைப் பிடிக்கவும் முடியவில்லை. உடன் வந்த உதவியாளர், ஒரு கண்ணைச் சிலிண்டரின் மீட்டரிலும் மறு கண்ணை முதியவரின் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியிலும் வைத்துக்கொண்டு, எண் சற்று ஏறினால் ஆக்சிஜனைக் குறைப்பதும், இறங்கினால் கூட்டுவதுமாக இருந்தார். “ஏண்ணா குறைக்கிறீங்க?” என்று அவருடைய மகள் கேட்டதற்கு, “ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும்மா” என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. ஓட்டுநர் இறங்கி ஒவ்வொரு லாரியாகக் கதவைத் தட்டினார். தூக்கத்திலிருந்து எழுந்த லாரி ஓட்டுநர்கள் முகம் சுளிக்காமல் முன்னும் பின்னுமாக அங்குலம் அங்குலமாக நகர்த்தித்தான் எங்களுக்கு வழி பிறந்தது. முதியவர் பிழைத்துக்கொண்டார். அதனால்தான் இந்த மடலை ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்க முடிந்திருக்கிறது.

எங்கள் வண்டிக்கு அடுத்து நின்றிருந்தது ஒரு குளிர்பதனக் கண்டெய்னர். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் உள்ளிருக்கும் சரக்கு கெட்டுவிடக் கூடாது என்று அதற்கென ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல ஏற்பாடு. வரிசையில் நேரம் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கிறார்கள் அல்லவா? சரக்கின் விஷயத்தில் செல்லுபடியாகும் அந்தக் கணக்கு, மூச்சு விடச் சிரமப்படும் மனிதரின் விஷயத்தில் ஏன் செல்லுபடியாவதில்லை என்பதை யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறோம்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவில் இடமிருக்கிறது. ஒதுங்குவதற்கு ஒரு முழம் இடமில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் லாரி ஓட்டுநரிடம் அதைக் காட்டி என்ன பயன்? சோறும் தூக்கமும் லாரிக்குள்ளேயே என்று கிடக்கும் அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. வரிசையை எங்கே நிறுத்துவது, எத்தனை தடங்களில் நிறுத்துவது என்று முடிவு செய்பவர்கள் அவர்கள் அல்லர். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கும் திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. அதன் பயன் மருத்துவமனை வாசலைத் தொட்ட பிறகுதானே கிடைக்கும்?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தபோது, கண்ணெரிச்சலோடும் இருமலோடும் மக்கள் கிடைத்த வண்டியில் ஏறித் தப்பினார்கள். அதே மாதம்தான் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. சாம்பல், புகை, எண்ணெய் என நகரத்துக்கு வேண்டாத அனைத்தையும் வைப்பதற்கு வடசென்னையில் எப்போதும் இடம் கிடைத்துவிடுகிறது, ஓர் ஆம்புலன்ஸ் போவதற்குத்தான் கிடைக்கவில்லை. அவை வேறு துறைகளின் பொறுப்பு என்பீர்கள். சரி, உங்கள் பொறுப்பிலுள்ளதை மட்டும் கேட்கிறோம்.

அன்புகூர்ந்து ஒரு தடத்தைக் காலியாக வைத்திருக்க உத்தரவிடுங்கள். கோடு போட்டுவிட்டால் மட்டும் போதாது, இரவிலும் அதைக் காக்க முக்கியச் சந்திப்புகளில் ஆட்களை நிறுத்துங்கள். வண்டி கிளம்பும்போதே தகவல் சொல்ல எங்களுக்கும் 108 ஓட்டுநர்களுக்கும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். இதுகுறித்துப் பேச எந்த நாளில் அழைத்தாலும் எங்கள் ஓட்டுநர்களோடு வருகிறோம். நீங்களே நேரில் பார்க்க விரும்பினால் இரவு 10 மணிக்கு மேல் வாருங்கள், உடன் வந்து காட்டுகிறோம். வரிசை நீண்டிருக்கும் நாளானால் உங்கள் வாகனம் உள்ளே வர இயலாது, சற்று நடக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
எர்ணாவூர்ப் பகுதி ஊர் ஆம்புலன்ஸ் தொண்டர்கள் சார்பில் ஒருவர்