அந்தப் பச்சை வெல்வெட்டுக்காக ஒரு நன்றி மடல்

துணி கொடுத்த அக்காவுக்கும், அது கவுனாக மாறும்வரை கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரிலோ போனிலோ நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்பது உங்களில் மற்றவருக்குத் தெரியாது. லைனிங் தந்த அத்தைக்கு வெல்வெட் தந்தவரைத் தெரியாது. ஊசி வாங்கி வந்த தம்பிக்கோ அந்த ஊசி எதற்குப் போனது என்றே தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் உறவுமுறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அக்கா. நான்கு மீட்டர், 45 அங்குல அகலம், கரும்பச்சைப் பட்டு வெல்வெட். வீட்டில் தைக்கிறவர்களுக்குத் துணி தானமாக வருவது புதிதல்ல. "சும்மா கிடக்குது, ஏதாவது தைச்சுக்கோ" என்று ஒன்றேகால் மீட்டர் வரும். என்ன நூல், சாயம் போகுமா, சுருங்குமா என்று கொடுப்பவருக்கும் தெரியாது. அதைக் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டுத் தலையணை உறைகள் அத்தனையும் அப்படி வந்தவைதான். ஆனால் நீங்கள் கொடுத்த விதமே வேறு. மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி, நடுநடுவே மெல்லிய காகிதம் வைத்துக் கொடுத்தீர்கள். வெல்வெட்டை மடித்து அடுக்கி மேலே கனம் வைத்தால் மடிப்பில் அதன் முடி, அதாவது மேலே மெத்தென்று நிற்கும் குட்டை இழைகள், நசுங்கிக் கோடு விழும். சில கோடுகள் என்ன செய்தாலும் போகாது. இத்தனை காலம் உங்கள் பீரோவில் இருந்தும் ஒரு கோடுகூட இல்லை.

கூடவே ஒரு சீட்டு வைத்திருந்தீர்கள். "பட்டு 18 சதவீதம், ரேயான் 82. தண்ணீர் படக்கூடாது. வெட்டித் தை, பீரோவில் வைத்துப் பார்க்காதே."

பட்டு வெல்வெட் என்றால் முழுக்கப் பட்டு என்றுதான் பலரும் நினைப்போம். இந்த வகையில் அடித்துணி மட்டும்தான் பட்டு, மேலே தெரியும் முடி ரேயான். ரேயான் மரக்கூழிலிருந்து வருவது, நனைந்தால் பலம் குறைந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அந்த இடத்தில் முடி படுத்து, காய்ந்த பிறகும் தடம் தெரியும். பருத்தித் துணி எது வந்தாலும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி எடுப்பது என் வழக்கம். சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் இதுவும் நேராக வாளிக்குள் போயிருக்கும்.

சீட்டின் கடைசி வரிக்குத் தனியாக ஒரு நன்றி. தைக்கிற எவருடைய பீரோவிலும் அடியில் ஒரு துணி இருக்கும். இதைத் தைக்கும் அளவுக்குக் கை தேறட்டும் என்று காத்திருப்போம். கை தேறுவதற்குள் இடுப்பளவு மாறிவிடும். நீங்கள் வெட்டச் சொன்னதோடு விடவில்லை. கெட்டுப்போனாலும் கேட்க மாட்டேன் என்றீர்கள், அப்படியே இருந்தீர்கள். இடையில் எத்தனையோ முறை பேசினோம், ஒருமுறைகூட "என்ன, தைச்சாச்சா?" என்று கேட்கவில்லை. பரிசு கொடுத்தவர் அப்படிப் பொறுமையாக இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்து பெரியம்மா. கத்தரி எடுக்கும் முன் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, துணியில் என் கையை வைத்து மேலும் கீழுமாக இழுத்தார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, மறுபக்கம் சொரசொரவென்று தடுத்தது. வழுக்கும் திசைக்குப் பின்பக்கத்தில் சாக்கட்டியால் அம்புக்குறி போட்டார். ஒரு குறி போதும் என்று நினைத்தேன். துணி முழுக்கச் சாண் இடைவெளியில் போட்டுக்கொண்டே போனார். துண்டு துண்டாக வெட்டிய பிறகு அதன் அருமை தெரிந்தது.

இந்த முடி வரும் விதத்தையும் அவர்தான் சொன்னார். எதிரெதிராக இரண்டு துணிகளை ஒரே தறியில் நெய்து, நடுவே இரண்டையும் இணைக்கும் இழைகளைக் கத்தியால் அறுத்தால் இரண்டு வெல்வெட் கிடைக்கும். நாம் தடவுவது அந்த அறுபட்ட நுனிகளை. அவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால்தான் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரிகிறது. முடி மேல்நோக்கி வரும்படி பிடித்தால் நிறம் ஆழமாக, கருத்துத் தெரியும். கீழ்நோக்கிப் பிடித்தால் வெளிறிப் பளபளக்கும். ஒரு கையை மட்டும் திருப்பி வெட்டிவிட்டால் போதும், இரவல் கை மாதிரி தெரியும்!

மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பெரியம்மாவுக்கும் என் தோழிக்கும் பெரிய வாக்குவாதம். கீழ்நோக்கி இருந்தால் உட்கார்ந்து எழும் இடம் சீக்கிரம் தேயாது என்பது பெரியம்மா கட்சி. நிறத்துக்காகத்தானே வெல்வெட் என்பது தோழி கட்சி. நான் நிறத்தின் பக்கம் சாய்ந்தேன். பெரியம்மா, மன்னிக்கவும்.

தோழிக்கு இன்னொரு நன்றி பாக்கி. வெல்வெட்டை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டினால் உள்ளே நழுவும். ஒற்றையாக, முடிப்பக்கம் கீழே இருக்க விரித்துத்தான் வெட்ட வேண்டும். அதற்கு, துணிமேல் வைத்து வெட்டும் பேப்பர் கட்டிங் பாதியாக இருப்பதையெல்லாம் முழுசாக வரைந்தாக வேண்டும். முதுகு, முன்பக்கம், பாவாடை என்று அத்தனையையும் தரையில் உட்கார்ந்து வரைந்தது தோழிதான். எல்லாத் துண்டும் ஒரே திசையில் போக வேண்டும் என்பதால் தலைகீழாகப் போட்டு இடம் மிச்சப்படுத்தவும் வழியில்லை. நான்கு மீட்டர் தாராளம் என்று நினைத்திருந்தோம், அளந்து வைத்தது போல வந்தது.

வெட்டும்போது பறந்த பச்சைத் துகளைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கும் நன்றி.

அப்புறம் டெய்லர் அண்ணன். கூலி என்ற பேச்சையே எடுக்கவிடாமல் அவர் சொல்லிக்கொடுத்தது இல்லையென்றால் இந்தக் கவுனே இல்லை. வெல்வெட்டில் தையல் ஏன் கோணுகிறது என்று ஒரு துண்டை வைத்தே காட்டினார். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துப் படியும்போது முடி முடியைத் தள்ளுகிறது. கீழ்த் துணி முன்னே நகர்கிறது, மேல் துணி பின்தங்குகிறது. சரியாகச் சேர்த்து ஆரம்பித்த தையல், முடியும் இடத்தில் மேலே ஒரு விரல் அகலம் மிச்சம் வைத்தது. குண்டூசியை நம்பாதே, அது தடமும் போடும், பிடிக்கவும் பிடிக்காது என்றார். தையல் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பட்டு நூலால் இரண்டு வரிசை கையால் ஓட்டுத் தையல் போடச் சொன்னார். பட்டு நூல் வழுவழுப்பாக இருப்பதால் உருவி எடுக்கும்போது முடியை இழுக்காது, அவ்வளவாகத் தடமும் விடாது.

அதோடு என் மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தின் திருகைத் தளர்த்திவிட்டார், தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மாற்றினார், எப்போதும் முடி சாயும் திசையிலேயே ஓட்டச் சொன்னார். மெஷின் ஓடியதைவிட நான் கையால் ஓட்டுத் தையல் போட்ட நேரம்தான் அதிகம். எனக்குப் பொறுமை கிடையாது என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஒரு தையல்கூடக் கோணவில்லை.

தம்பி வாங்கி வந்தது 70/10 ஊசி. 70 என்பது ஊசியின் தடிமன், 0.70 மில்லிமீட்டர். மெல்லிய பட்டு அடித்துணியில் பெரிய ஓட்டை விழாமல் இருக்க அந்த ஊசிதான் சரி. அலைந்து வாங்கி வந்ததற்கு நன்றி, தம்பி.

பக்கத்து வீட்டு அத்தை தந்த லைனிங் துணி என் கணக்கிலேயே இல்லாதது. வெல்வெட்டைப் பார்த்ததும் உள்ளே போய், தான் எடுத்து வைத்திருந்த மெல்லிய பட்டைக் கொண்டுவந்து நிறம் சேர்கிறதா என்று வைத்துப் பார்த்தார். சேர்ந்தது. எனக்கே கொடுத்துவிட்டார். வெல்வெட்டின் எடையை இப்போது அந்த லைனிங்தான் தோளில் தாங்குகிறது.

தையல் டீச்சர் இரவல் தந்த முள் பலகையை நான் அதற்குமுன் தொட்டதுகூட இல்லை. பலகை முழுக்க மெல்லிய கம்பி முட்கள் நெருக்கமாக நிற்கும். வெல்வெட்டைக் குப்புறப் போட்டால் முடி அந்த முட்களுக்கு இடையே இறங்கிக்கொள்ளும், நசுங்காது. இஸ்திரிப் பெட்டி துணியைத் தொடாமல் மேலே ஆவி மட்டும் காட்டி, தையலின் உள் ஓரங்களை இரண்டு பக்கமும் விரித்து விரலால் நீவ வேண்டும். பெட்டி அழுத்திப் பட்டால் அதன் வடிவம் துணியிலேயே தங்கிவிடும். பலகை கிடைக்காதவர்களுக்கும் டீச்சர் ஒரு வழி சொன்னார். மீந்த வெல்வெட் துண்டை முடி மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் தைத்ததைக் குப்புறப் போட்டால் முடிக்குள் முடி அமர்ந்துகொள்ளும். சட்டைப்பை அளவு வேலைகளுக்கு அதுவே போதும் என்று பிறகு நானே பார்த்துக்கொண்டேன்.

கீழ் மடிப்புக்கு முன் கவுனை ஒரு இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். க்ராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய இடங்கள் இறங்கி, கீழ் ஓரம் மேடும் பள்ளமுமாக நின்றது. மறுநாள் அதை உடுத்திக்கொண்டு நான் சிலை மாதிரி நிற்க, தோழி தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து சுற்றிலும் குறித்தாள். அசைந்தால் திட்டு விழுந்தது. எம்மிங் முழுக்கக் கையால்தான், அடித்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியால் எடுத்து. வெளியே தையல் தெரிகிறதா என்று டெய்லர் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். "பரவாயில்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

மீந்த துணி கொஞ்சம் இருக்கிறது. அக்கா, உங்களுக்குக் கண்ணாடி வைக்கும் உறை ஒன்று தைத்துவிட்டேன், அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன். இருப்பதில் பெரிய துண்டு ஒன்றை, இஸ்திரி போடும்போது அடியில் விரிக்க டீச்சர் கேட்டிருக்கிறார். அது போக ஒரு முழம் நீளத்துக்கு இரண்டு பட்டைகள் மிச்சம். வெல்வெட் தைக்கப் போகிறவர்கள் யாராவது தைத்துப் பழகக் கேட்டால் தருகிறேன். அம்புக்குறி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

அன்புடன்,
பச்சைக் கவுன்காரி