ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் காலை உணவு வழங்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நடுநிலைப் பள்ளி மாணவர்களின் காலை உணவு, ரத்தசோகைப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நாங்கள் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளியிலும் நன்றாகவே நடக்கிறது. கிச்சடிக்கும் பொங்கலுக்கும் சின்னப் பிள்ளைகள் நேரத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பு அக்கா, மூன்றாம் வகுப்புத் தம்பியைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு வெளியே நிற்கிறாள். அவளும் அதே வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவள்தான். தாய்மார் பலர் விடியற்காலையிலேயே மில் வேன் ஏறிவிடுவதால், பெரிய பிள்ளைகளுக்குக் காலை ஆகாரம் டீயும் பன்னும்தான். பல நாள் வெறும் டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் உடம்பு மளமளவென்று வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயும் தொடங்குகிறது. இரும்புச்சத்து கூடுதலாக வேண்டிய இந்த வயதில்தான் காலை உணவு கைவிட்டுப் போகிறது.

இரும்புச்சத்து குறைந்தால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறையும். கவனமும் நினைவாற்றலும் மந்தமாகும். முகம் வெளுக்கும் முன்பே இது தொடங்கிவிடும் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் "கணக்கு ஏறவே மாட்டேங்குது, டியூஷனில் சேருங்கள்" என்கிறார்கள். வகுப்பில் தூங்கி வழியும் எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை; ராத்திரி செல்போனும் ஒரு காரணம்தான். சரி, எது எதனால் என்று சோதிக்காமல் எப்படித் தெரியும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தான் இப்போது பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தருகிறார்கள். ஆனால் பல வாரம் காலை வழிபாடு முடிந்ததுமே கொடுத்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது, வயிறு வலிக்கிறது. அடுத்த வாரம் பிள்ளைகள் நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பிவிடுகிறார்கள். பதிவேட்டில் மட்டும் எல்லாரும் சாப்பிட்டதாக இருக்கும். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நிறுத்தச் சொன்ன தாய்மாரும் உண்டு. அது இயல்புதான் என்று ஒரு செவிலியர் வந்து சொன்னால் போதும்.

ஆகவே, மாத்திரையைச் சத்துணவுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே கொடுக்கும்படி எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். இதற்குத் தனியாக நிதி எதுவும் தேவையில்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளின் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, முடிவைப் பெற்றோரிடம் எழுத்தில் தர ஆவன செய்ய வேண்டும். அப்புறம், காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அரசாணை வரும்வரை காலை இடைவேளையில் ஒரு கைப்பிடி சுண்டலாவது மாவட்ட அளவில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பெற்றோர்கள்

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல்