திடல் ஊழியருக்கும் ஓர் உள்நுழைவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளையாட்டு அரங்கங்களிலும் சங்கங்களிலும் பணியாளர் மேலாண்மைச் செயலிகள் பெருகி வருகின்றன. முகம் காட்டி வருகைப்பதிவு, கைப்பேசியில் விடுப்பு விண்ணப்பம், ஆண்டு மதிப்பீடு எல்லாம் அதில்தான். சம்பளமும் விடுப்பும் இழுபறியில்லாமல் நடப்பது நல்லதே. ஆனால் பணியாளருக்குத் தோன்றும் புது யோசனை உள்ளே நுழைய அதில் பெரும்பாலும் வழி இருப்பதில்லை.

ஹாக்கித் திடலையே பாருங்கள். நீளம் 91.40 மீட்டர், அகலம் 55 மீட்டர். நீர் தெளிக்கும் வகைச் செயற்கைப் புல் என்றால் ஆட்டத்துக்கு முன் முழுத் திடலும் நனைய வேண்டும். சென்னையில் கடற்காற்று எழுந்துவிட்டால் தெளிப்பான் நீர் மேற்கே சாயும், கிழக்கோரம் சரியாக நனையாது. அங்கே பந்து துள்ளும், சறுக்கி விழுபவருக்கு முழங்கால் தோல் உரியும். குழாயைப் பிடித்துக் கிழக்கோரத்தை மட்டும் இன்னொரு சுற்று நனைத்தால் போதும் என்பது திடல் ஊழியருக்குத் தெரியும். அவரோ ஒப்பந்தத் தொழிலாளி. பணியாளர் எண் இல்லாதவருக்குச் செயலியில் உள்நுழைவும் இல்லை.

பயிற்சியாளரின் சிக்கல் வேறு. அரங்கைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் போட்டு, கைப்பேசி அதற்குள் இருந்தால்தான் வருகை என்று செயலி கணக்கிட்டால், பக்கத்து ஊர்ப் பள்ளியில் நன்றாக ஓடும் பிள்ளையைப் பார்க்கப் போன நாள் ‘வரவில்லை’ என்று விழும். அதைத் திருத்த ஒருமுறை அலைந்தவர் மறுமுறை போகமாட்டார். ஆண்டு மதிப்பீட்டில் பதக்கத்துக்கு மட்டுமே மதிப்பெண் என்றால், 12 வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பயிற்சி முறையை யார் சோதித்துப் பார்ப்பார்? அதன் பலன் தெரியவே சில ஆண்டுகள் ஆகும். பயிற்சியாளர்களைத் தரவரிசைப்படுத்துவது இன்னும் மோசம். கண்டறிந்ததை அடுத்தவரிடம் வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு ஆகாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கைப்பேசி எண்ணை வைத்தே உள்நுழைவு கொடுக்கலாம். தட்டச்சு தேவையில்லை, தமிழில் பேசிப் பதிவுசெய்யவும் படம் இணைக்கவும் ஒரு பொத்தான் போதும். எந்த இடம், என்ன சிக்கல், என்ன செய்து பார்க்கலாம் என மூன்றே கேள்விகள். 14 நாளுக்குள் பதில் வரவேண்டும், ‘முடியாது’ என்றாலும் காரணத்தோடு. 5,000 ரூபாய் வரையிலான சோதனைக்கு அரங்க மேலாளரே ஒப்புதல் தரட்டும். நான்கு மேசை ஏறி இறங்குவதற்குள் போட்டிக் காலமே முடிந்துவிடும். யோசனை சொன்னவர் பெயர் அவரது பணிப்பதிவில் ஏறவேண்டும். சோதனை பலிக்காவிட்டால் அதைக் குறையாக எழுதக் கூடாது. பயிற்சியாளருக்கு ‘வெளிக்களப் பணி’ என்று தனி வருகைக் குறியீடு அவசியம்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தன. இப்படிப்பட்ட போட்டிகளுக்குத் தற்காலிகமாக வேலைக்கு வருபவர்கள் சில நாளில் கலைந்துவிடுவார்கள், அவர்கள் கற்றதும் கூடவே போய்விடும். கடைசி நாள் கணக்கு முடிக்கும்போதே அந்த மூன்று கேள்விகளையும் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

- விளையாட்டு நிர்வாகத் துறை வாசகர், சென்னை