வெள்ளைக்கல் சுரங்கக் கழிவுப் பாறையில் சூளைப் புகையைப் பிடித்துப் பார்க்கக் கோரி மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற சூளைத் தொழிலாளி,
கருப்பூர் பகுதி, சேலம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: டுனைட் கழிவுப் பாறையைப் பொடித்துக் கரியமில வாயுவைப் பிடிக்கும் சோதனை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் 26 வருடம் மாக்னசைட் சூளையில் வேலை பார்த்தவன். எங்கள் பக்கம் அதை வெள்ளைக்கல் என்போம். ஒரு டன் வெள்ளைக்கல்லைச் சுட்டால் பாதிதான் மிஞ்சும். மறுபாதி கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். எரிபொருள் புகை தனிக் கணக்கு.

அந்த வாயு கல்லுக்குள் எப்படி வந்தது? வெள்ளைக்கல் தோண்டும் எங்கள் சுண்ணாம்புக்கரடு என்ற குன்றில் முதலில் இருந்தது கரும்பச்சை டுனைட் பாறை. கரியமில வாயு கலந்த நீர் அதிலுள்ள மெக்னீசியத்தோடு சேர்ந்துதான் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறது. மலை கட்டி வைத்ததை நாங்கள் சூளையில் அவிழ்த்து விட்டோம்.

இரும்பாலைகளுக்குப் போகும் தரமான டுனைட் போக, மீதி குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்றடித்தால் வீட்டில் துணி காயப்போட முடிவதில்லை. அதைப் பொடித்து, அதே சூளைப் புகையோடு சேர்த்தால் வாயு மறுபடியும் கல்லாகும். டுனைட்டில் பெரும்பங்கு ஒலிவைன் என்ற மெக்னீசியக் கனிமம். சுத்தமான மெக்னீசிய ஒலிவைன் ஒரு டன், கணக்குப்படி 620 கிலோ வாயுவைப் பிடிக்கும். நடைமுறையில் அவ்வளவு வராது, சரி. சும்மா வெளியில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் இழுக்கும். அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் மாவாக அரைத்து, உப்புக் கரைசலில் கலந்து, 185 டிகிரி சூடும் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தமும் கொடுத்துச் சில மணி நேரத்தில் முடித்திருக்கிறார்கள். ஆனால் அரைக்கவும் அழுத்தவும் நிலக்கரி மின்சாரத்தைச் செலவழித்தால் பிடித்ததில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சூட்டுக்காவது சூளையில் வீணாகும் அனலை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும்.

நான் ஆலை கேட்கவில்லை. ஒரு லாரி கழிவுக் கல்லை எடுத்து, பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் சேர்ந்து சோதிக்க உத்தரவிடுங்கள். இரண்டும் கரட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. குவியல்களில் எவ்வளவு கல் இருக்கிறது என்று கனிம வளத்துறை அளந்து சொல்லட்டும். அதுவரை அதை ரோடு நிரப்ப அள்ளிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. இந்த வகைப் பாறையில் நிக்கலும் குரோமியமும் உண்டு. சில இடத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையும் இருக்கலாம். அதைப் பார்த்த பிறகே கிரஷரை ஓட்ட வேண்டும், அதுவும் மூடிய கொட்டகையில், தண்ணீர் தெளித்து. தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)